தீக்குச்சியும் வால்வு டியூபும்: இட்டார்சியிலிருந்து புனே வரை

ஞாயிறு, ரயிலில்

சென்னையிலிருந்து தில்லி போகும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இட்டார்சி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது. விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர் எல்லாம் கடந்து, பேதூலைத் தாண்டி, சாத்புரா மலைச்சரிவில் வண்டி இறங்கினால் இட்டார்சி. இந்த வாரத்துப் பயணம் அங்கிருந்து நர்மதாபுரம், போபால், கடைசியில் புனே. பொம்மைகளால் அறிவியல் சொல்லித்தந்த அரவிந்த் குப்தாவின் பணி வாழ்க்கை நடந்த தடம் இது.

சுருக்கமாக அவரைப் பற்றி: 1953இல் பரேலியில் பிறந்தார். 1975இல் ஐஐடி கான்பூரில் மின் பொறியியல் முடித்து, புனேயில் டெல்கோவின் லாரித் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தார். பிறகு புத்தகங்கள், பயிலரங்குகள், தொலைக்காட்சிப் படங்கள் என்று நீண்டது வேலை. 2003 முதல் 2014 வரை புனேயில் உள்ள அயூகா என்ற வானியல் ஆய்வு நிறுவனத்தின் சிறுவர் அறிவியல் மையத்தில் இருந்தார். 2018இல் பத்மஸ்ரீ.

வரலாறு இவ்வளவு போதும். எந்த ஊரில் எந்தப் பொருள் அவர் கைக்குக் கிடைத்தது, அதிலிருந்து எந்தப் பொம்மை பிறந்தது, அதையே இன்று நாற்பது பிள்ளைகளுடன் செய்ய என்னென்ன வேண்டும் என்பதுதான் இனி வரும் நாள்களில்.

ரயில் நேரம் தயாரிப்பு வேலைக்கு ஏற்றது. சைக்கிள் வால்வில் போடும் மெல்லிய ரப்பர் டியூபின் துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்துச் செய்யும் மாதிரிகளுக்கான கணக்கு இது. ஒரு பிள்ளை ஒரு முக்கோணம், ஒரு சதுரம், ஒரு ஐங்கோணம் செய்து, பிறகு முக்கோணத்தை நான்முகியாக உயர்த்த வேண்டும் என்றால் குச்சி 15, டியூப் துண்டு 13. உடைவதும் தொலைவதும் சேர்த்துத் தலைக்கு 18 குச்சி, 16 துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர். நாற்பது பேருக்கு 720 குச்சி, 640 துண்டு. அதாவது வால்வு டியூப் 10 மீட்டர். பெட்டிக்கு ஐம்பது குச்சி என்று நம்பிப் பதினைந்து பெட்டி வாங்கினால் போதாது. வளைந்ததும் பிளந்ததும் பாதிக் கனத்தில் இருப்பதும் எல்லாப் பெட்டியிலும் உண்டு. இருபது பெட்டி வாங்குங்கள்.

மருந்தோடு இருக்கும் தீப்பெட்டிகளை மூட்டையாக ரயிலில் கொண்டுவரக் கூடாது; எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு அனுமதி இல்லை. மருந்தை முன்னாலேயே சுரண்டிவிடுங்கள், அல்லது இறங்கிய ஊரில் வாங்குங்கள். சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் ஆள் பழக்கம் இருந்தால் மருந்து முக்காத வெறும் குச்சியாகவே கேட்டு வாங்கலாம். சுரண்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். குச்சியை மேசையில் படுக்க வைத்து, பிளேடின் முதுகால் தலையிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் மருந்து உதிர்ந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து உருவும் குறுக்குவழி சரிப்படாது. குச்சி உப்பி, டியூபுக்குள் நுழையாமல் போகும். காய்ந்தபின் சுருங்கி, நுழைத்த இடத்திலிருந்து கழன்று விழும்.

மெழுகுக் குச்சி எதற்கும் ஆகாது. மூட்டு வளைவதற்கு முன் குச்சியே வளைந்துவிடும். மரக்குச்சிப் பெட்டியைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

திங்கள், இட்டார்சி – ரசூலியா

இட்டார்சியிலிருந்து நர்மதாபுரம் 18 கிலோமீட்டர். பழைய ஹோஷங்காபாத்தின் இன்றைய பெயர் அது. ரசூலியா அதை ஒட்டிய ஊர். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய நண்பர்கள் கிராம மையம் இங்கேதான் இருந்தது. பங்கேடிப் பக்கம் கிஷோர் பாரதி என்ற இன்னொரு அமைப்பு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வை விட்டுவிட்டு வந்த அனில் சத்கோபால் தொடங்கியது. இந்த இரண்டும் சேர்ந்து 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தை ஆரம்பித்தன. 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. குப்தா வந்து சேர்ந்தது அந்த விரிவாக்கக் காலத்தில்.

திட்டத்தின் பாடப்புத்தகம் 'பால் வைக்ஞானிக்'. அதில் விடைகள் கிடையாது. சோதனையைச் செய், பார்த்ததை எழுது, பக்கத்துக் குழுவோடு ஒப்பிடு, வேறுபட்டால் ஏன் என்று பேசு என்று புத்தகம் கேள்விகளாகவே போகும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகள் சந்தேகங்களைச் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும். விடை இல்லாத புத்தகத்துக்கு வகுப்பில் பொருள் இருந்தே ஆக வேண்டும். பொருள் இல்லாத நாளில் படிக்க எதுவும் இருக்காது. எனவே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி உபகரணம் போக வேண்டியிருந்தது. அது மலிவாக இருக்க வேண்டும், உடைந்தால் அந்த ஊரிலேயே கிடைக்க வேண்டும்.

சந்தை உள்ளே வருவது இந்த இடத்தில். இந்தப் பகுதியில் இன்றும் ஒவ்வொரு ஊருக்கும் வாரத்தில் ஒரு சந்தை நாள் உண்டு. குப்தா அந்தச் சந்தைகளில் சுற்றி, கையில் கிடைத்த சில்லறைச் சாமான்களை வாங்கி, அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார். சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கண்டது அப்படித்தான். அதுவரை இணைப்புகளோடு கூடிய கட்டுமானப் பொம்மை என்றால் துளையிட்ட இரும்புத் தகடும் திருகாணியும் வைத்த விலை உயர்ந்த பெட்டி. அந்த வேலையை இரண்டு சில்லறைப் பொருள் செய்தது.

இவர் தொழிலை நாங்கள் மதிப்பதற்கு முதல் காரணம் இந்த வரிசை. பாடத்திட்டத்தில் இன்ன தலைப்பு இருக்கிறது, அதற்கு ஒரு மாதிரி செய்வோம் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. பொருளைக் கையில் எடுத்து வளைத்து, நுழைத்து, இழுத்துப் பார்த்தபின், இது எதைச் சொல்லித்தரும் என்று கேட்டார். பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் நாம் பார்க்கும் தெர்மோகோல் எரிமலைகளுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வால்வு டியூப் இன்று எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைப்பதில்லை. புது வண்டிகளில் வேறு வகை வால்வு. பழைய வண்டி பழுது பார்க்கும் கடையில் கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு முனையை நகத்தால் கிள்ளி இரண்டு மடங்காக இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தாலோ மாவு போல் ஒட்டினாலோ அது பழைய ரப்பர், மூன்றாவது முறை நுழைக்கும்போது பிளந்துவிடும். மீதமான டியூபை முகப்பவுடர் தூவி, மூடிய டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள்.

செவ்வாய், நர்மதாபுரம்

சேட்டாணி படித்துறைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் கற்படிகளில் கால் வைக்க முடியாது. நிழலான இடத்தில் உட்கார்ந்து செய்வதற்கு மாதிரிகள் இதோ.

டியூபை வெட்ட நகவெட்டி போதும். பிளேடு தேவையில்லை, துண்டும் நேராக வரும். ஒரு துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியை நுழைத்தால் இருமூட்டு. குச்சி ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் உள்ளே போக வேண்டும். நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் காலியாக இருந்தால்தான் மூட்டு மடங்கும். பிள்ளைகள் செய்யும் முதல் பிழை இது: இரண்டு குச்சியும் முட்டும்வரை தள்ளிவிடுவார்கள், மூட்டு விறைத்துவிடும், முக்கோணம் மூடாது.

மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். நான்கில் சதுரம். இரண்டையும் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும். ஐங்கோணம் படகாகும், வீடாகும். முக்கோணம் மட்டும் அசையாது. இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் அந்த அமுக்கலுக்கு அர்த்தமே போய்விடும்.

அடுத்தது மும்மூட்டு. இருமூட்டின் நடுவே, காலியாக விட்ட இடத்தில், கருவேல முள்ளால் குறுக்கே ஒரு துளை. ஹோஷங்காபாத்தில் ஊசிக்குப் பதிலாக முள்ளைத்தான் பயன்படுத்தினார்கள். காசு இல்லை என்பதோடு, கூராகவும் தடிமனாகவும் இருப்பதால் துளை சரியான அளவில் வரும். தையல் ஊசித் துளை சிறியது, குச்சி நுழையும்போது கிழியும். மூன்றாவது குச்சியின் முனையைச் சீவி, துளைக்குள் மெதுவாகத் திருகி நுழைக்க வேண்டும். அமுக்கினால் டியூப் கிழியும், திருகினால் கிழியாது.

முக்கோணத்தின் மூன்று மூட்டிலும் இப்படித் துளை போட்டு மூன்று குச்சிகளை நிறுத்துங்கள். மேலே அவை கூடும் இடத்தில் துளையிட்ட இன்னொரு துண்டு: இரண்டு குச்சிகள் அதன் இரு முனைகளில், மூன்றாவது துளையில். ஆறு குச்சி, நான்கு துண்டு, ஒரு நான்முகி. தரையில் வைத்துக் கையால் அழுத்தினாலும் தாங்கும்.

கனசதுரம் செய்யும்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கிறது. பன்னிரண்டு குச்சி, எட்டு மும்மூட்டு. செய்து முடித்து நிறுத்தினால் சரிந்து விழும். மூட்டு மோசம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மூட்டில் பிழை இல்லை. முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால், அந்தச் சட்டம் அசையாமல் நிற்கக் குறைந்தது எத்தனை குச்சி வேண்டும் என்று கிடைக்கும். 1864இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதிய கணக்கு இது. நான்முகிக்கு 4 முனை: 12 கழித்தல் 6, ஆறு குச்சி, சரி. கனசதுரத்துக்கு 8 முனை: 24 கழித்தல் 6, பதினெட்டு. கையில் இருப்பது பன்னிரண்டு. ஆறு குறைகிறது, ஆறு முகத்துக்கும் ஒவ்வொரு மூலைவிட்டம். மூலைவிட்டம் பக்கத்தைப் போல் 1.41 மடங்கு நீளம் என்பதால் தீக்குச்சி எட்டாது. தென்னை ஈர்க்கை நறுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே முனையில் ஆறு குச்சிகள் வரை கூடும், அத்தனைக்கும் டியூப் மூட்டு செய்ய முடியாது. மூலைவிட்ட ஈர்க்குகளை முனைகளில் நூலால் கட்டிவிடுவதே நல்லது. ஆறையும் கட்டி முடிக்கும்வரை ஆட்டம் முழுவதுமாக நிற்காது. கடைசி முடிச்சில் கனசதுரம் சட்டென்று விறைப்பதைப் பிள்ளைகள் கையில் உணர வேண்டும். அதற்காகவே இதைத் தனித்தனியாகச் செய்யவிடுங்கள், ஆசிரியர் ஒன்று செய்து காட்டி முடித்துவிட வேண்டாம்.

நேரம் இருந்தால் எண்முகி. அதற்கு நான்மூட்டு வேண்டும். ஒரு துண்டின் நடுவில் துளை போட்டு, இன்னொரு துண்டின் முனையில் சீவிய குச்சியைச் செருகி, தண்ணீர் தொட்டு, முதல் துண்டின் துளைக்குள் இழுத்தால் சிலுவை போல் நான்கு வாய் வரும். ஆறு மூட்டு, பன்னிரண்டு குச்சி. மேக்ஸ்வெல் கணக்கும் 18 கழித்தல் 6, பன்னிரண்டுதான். செய்த உடனே நிற்கும்.

தீக்குச்சி கிடைக்காத ஊரில் ஈர்க்கை வைத்தே எல்லாவற்றையும் செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலியும். அடிப்பகுதியின் முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால்தான் டியூபில் பிடிக்கும், மிச்சம் கழன்றுவிடும்.

புதன், பூத்னி வழியே போபால்

நர்மதாபுரத்திலிருந்து வடக்கே போனால் நர்மதை ஆறு, அக்கரையில் பூத்னி. அரக்குப் பூசிய மரப் பொம்மைகளுக்குப் பெயர்போன ஊர். கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் பரவுகிறது. பம்பரம் வாங்குகிறவர்கள் விரலில் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். ஆணி நடுவில் இல்லாத பம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளாடித்தான் நிற்கும். வகுப்புக்கு ஒன்று நல்லதும் ஒன்று கோணலானதும் சேர்த்து வாங்கினால் பேச நிறைய இருக்கும்.

போபாலில் ஏகலவ்யா. 1982இல் தொடங்கிய அமைப்பு; ஹோஷங்காபாத் திட்டத்தைப் பிறகு நடத்தியது இதுதான். 1985 முதல் 'சக்மக்' என்ற சிறுவர் மாத இதழ் வருகிறது. புத்தகங்களும் செய்முறைப் பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. இந்தி தெரியாவிட்டாலும் படங்களைப் பார்த்தே செய்யும்படி இருக்கும் நூல்கள் பல. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே, அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்த ஒன்று அப்படி நின்றது பெரிய இழப்பு என்றே நாங்கள் கருதுகிறோம். ஆசிரியர் பயிற்சி, உபகரணப் பெட்டி, விடையில்லாப் புத்தகம், திறந்த புத்தகத் தேர்வு நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அமைப்பு அது. இப்போது பல ஊர்களில் பெட்டியை மட்டும் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, தேர்வைப் பழையபடியே வைத்திருக்கிறார்கள். பெட்டி பீரோவுக்குள் போய்விடுகிறது. தேர்வு கேட்காத எதையும் வகுப்பு நீண்ட நாள் சுமக்காது.

சாயங்காலத்துக்கு ஒரு சின்ன வேலை: உறிஞ்சுகுழல் ஊதல். குழலின் ஒரு முனையை ஒன்றரை சென்டிமீட்டர் தூரம் பல்லால் தட்டையாக்கி, இரண்டு ஓரங்களையும் சாய்வாக வெட்டிக் கூராக்குங்கள். கூரான பகுதி முழுவதும் வாய்க்குள் போய், உதடு வெட்டு முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் மூட வேண்டும். உதடு நாக்குகளின் மேலேயே அழுத்தினால் அவை அதிராது, சத்தம் வராது. ஊதிக்கொண்டே இருக்கும்போது இன்னொருவர் மறுமுனையைக் கத்திரியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினால் சுரம் ஏறிக்கொண்டே போகும்.

2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழல்களுக்கு நாட்டில் தடை இருப்பதால், குப்தாவின் பழைய செய்முறைப் படங்களில் உள்ளபடி செய்ய முடியாது. காகிதக் குழல் எச்சில் பட்டதும் நமுத்துவிடும். நாக்குப் பகுதியில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுச் செய்தால் சற்று அதிக நேரம் தாங்கும். நம்மூரில் இதற்கு வேறு வழியே உண்டு. பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதும் பீப்பியில் நடப்பதும் இதேதான்: தட்டையான இரண்டு நாக்குகள், இடையில் காற்று. சிறிய இலைக்கு ஒரு சுரம், பெரிய இலைக்கு இன்னொன்று. இலை இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் இருக்க வேண்டும். முற்றினால் சுருட்டும்போது நரம்போரம் வெடிக்கும்.

வியாழன், மீண்டும் ரயிலில்

போபாலிலிருந்து புனேக்கு ஜீலம் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் இட்டார்சி, புசாவல், மன்மாட், டவுண்ட் வழியாகப் போகின்றன. நாளை செய்யப்போகும் சின்ன மின் மோட்டாருக்குச் சுருள் சுற்றும் வேலையை இருக்கையிலேயே முடிக்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரு மோட்டார் என்று நாற்பது பிள்ளைகளுக்கு: பெரிய டார்ச் பேட்டரி 20, வட்டக் காந்தம் 20, ஐந்து சென்டிமீட்டர் ஊக்கு 40, பழைய சைக்கிள் டியூபிலிருந்து குறுக்கே வெட்டிய ரப்பர் வளையம் 20, எனாமல் பூசிய 24 கேஜ் செப்புக் கம்பி. கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடைக்கு வாங்குவதே மலிவு. 100 கிராமுக்கு ஏறக்குறைய 45 மீட்டர் வரும். ஒரு சுருளுக்கு 1.2 மீட்டர், இருபதுக்கு 24 மீட்டர். மிச்சம் கெட்டுப்போகும் சுருள்களுக்கு.

பேட்டரியின் மேலேயே பத்துச் சுற்று சுற்றி, மெதுவாக உருவி எடுத்து, எதிரெதிர் பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு கால்களை நேராக விடுங்கள். கால்களைச் சுருளைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டால் சுற்றுகள் பிரியாது. இரண்டு காலும் ஒரே நேர்கோட்டில், சுருளின் நடுவழியே போக வேண்டும். சுருளை விரல்களுக்கிடையே பிடித்து உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் கனமா என்று தெரிந்துவிடும்.

எனாமலைச் சுரண்டுவதில்தான் முக்கால்வாசி மோட்டார்கள் தோற்கின்றன. ஒரு காலை முழுக்கச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். இன்னொரு காலைச் சுரண்டும்போது சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, அந்தக் காலின் மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். கீழ்ப் பாதியில் எனாமல் இருக்கட்டும். இரண்டு காலையும் முழுக்கச் சுரண்டினால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை விசை திசை மாறி, சுருள் ஊஞ்சல் போல் முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும். சுருளைப் படுக்க வைத்துக்கொண்டு மேல் பாதியைச் சுரண்டினாலும் ஓடாது. அப்போது மின்சாரம் பாயும் அரைச் சுற்றில் பாதி நேரம் ஒரு திசையிலும் பாதி நேரம் எதிர்த் திசையிலும் இழுக்கும். சுரண்டியது சரியா என்று நிறத்தைப் பாருங்கள்: எனாமல் செம்பழுப்பு, செம்பு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும்.

வெள்ளி, புனே

அயூகா புனே பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. ஜயந்த் நார்லீக்கர் 1988இல் நிறுவினார், கட்டடங்களை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. நடுமுற்றத்தில் ஆர்யபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வரின் சிலைகள். ஃபூக்கோ ஊசல் ஒன்றும் உண்டு. புனேயின் அட்சரேகையில் ஊசல் ஆடும் தளம் மணிக்கு ஏறக்குறைய 4.8 பாகை திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று நாளுக்கும் மேல். சென்னையில் இதே ஊசலைத் தொங்கவிட்டால் மணிக்கு 3.4 பாகைதான். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு எதுவும் நடக்கவில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். தரையில் ஒரு குறியைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.

வளாகத்துக்கு முன்னனுமதி இல்லாமல் போக வேண்டாம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள்.

முக்தாங்கண் விஞ்ஞான் சோதிகா என்ற சிறுவர் மையத்தில்தான் குப்தாவும் குழுவும் ஒரே பொம்மையை நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கையில் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் படிப்படியான படங்களும், மிகச் சிறிய காணொளியும். எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். காணொளிகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் உண்டு. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் பொம்மை கண்டுபிடிப்பதை மட்டும் பார்க்கிறார்கள். வேலையின் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது. செய்முறையை எழுதி, அதைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அந்த வரியை மாற்ற வேண்டும். 'கம்பியைச் சுரண்டவும்' என்று எழுதினால் இருபதில் பதினைந்து மோட்டார் ஓடாது. 'சுருளை நிறுத்திப் பிடித்து, மேல் பாதியை மட்டும்' என்று எழுதினால் ஓடும்.

மோட்டாரைப் பூட்டும் முறை: பேட்டரியைப் படுக்க வைத்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு ஊக்கை நிறுத்தி, ரப்பர் வளையத்தால் நெடுக்காக இறுக்குங்கள். ஊக்கின் சுருண்ட கண் மேலே இருக்க வேண்டும், அதற்குள் சுருளின் கால்கள். பேட்டரியின் முதுகில் காந்தம். கண்ணின் உயரம் பேட்டரி முனையின் மையத்திலிருந்து நாலரை சென்டிமீட்டர் இருந்தால் சுருள் காந்தத்தைத் தொடாமல் சுழலும். ஊக்கு குட்டையாக இருந்தால் சுருளைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவின் மேல் சுற்றிச் சிறிதாக்குங்கள். காகித உறை பேட்டரியில் காந்தம் ஒட்டாது, டேப் போட வேண்டும். வண்ணம் பூசிய ஊக்கென்றால் கண்ணின் உட்புறத்தையும் முனையில் படும் இடத்தையும் தேய்த்துவிடுங்கள்.

கையால் ஒரு தட்டு தட்டிவிட்டால்தான் ஓடத் தொடங்கும். ஓடாமல் நிற்கும் சுருளை ஊக்கிலேயே விட்டுவைக்காதீர்கள். அந்தக் கம்பிக்கு மின்தடை மிகக் குறைவு. குறுக்குச் சுற்றுக்கு (ஷார்ட் சர்க்யூட்) சமம். பேட்டரியும் கம்பியும் சுடும். லித்தியம் பேட்டரிகளை இதில் பயன்படுத்தவே கூடாது.

சனி, புனே

பழைய படங்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் கடைசியில் முட்டிக்கொள்ளும் இடம், பொருள்கள் மறைந்துபோவது. காமிரா பிலிம் டப்பாவில் இரண்டு வால்வு வைத்துச் செய்யும் பம்பு இவருடைய புகழ்பெற்ற பொம்மைகளில் ஒன்று. பிலிம் டப்பா இன்று கிடையாது. அதே அளவில் இறுக்கமாக மூடும் மாத்திரை டப்பாவைத் தேடி அலைவதைவிட, உங்கள் ஊரில் இந்த வருடம் எது குப்பையாகச் சேர்கிறது என்று பாருங்கள். குப்தா 1978இல் சந்தையில் செய்தது அதுதான்.

மறையாத பொருளை வைத்து ஒன்று: மிதக்கும் பென்சில். துளையுள்ள வட்டக் காந்தம் 6, ஒரு பென்சில், ரப்பர் ஸ்பாஞ்சுக் கட்டை, ஒரு பழைய சிடி. கட்டையில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஜோடிக் காந்தங்களைச் செருகி நிறுத்துங்கள். ஜோடிக்குள் இரண்டும் சற்று விலகி, பென்சில் நடுவே மிதக்கும்படி. பென்சிலில் அதே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு காந்தங்கள், காகிதம் சுற்றி இறுக்கமாக. ஆறு காந்தங்களும் ஒரே முகத்தை ஒரே திசையில் காட்ட வேண்டும். எதிரெதிர் முகம் காட்டினால்தான் தள்ளும் என்று எல்லோரும் முதலில் மாற்றி வைப்பார்கள். முகத்தோடு முகம் நிற்கும் காந்தங்களுக்கு அது சரி. இங்கே அவை பக்கவாட்டில் இருப்பதால், ஒரே திசை பார்ப்பவைதான் தள்ளும்.

கட்டையின் ஒரு முனையில் சிடியைச் சுவராக நிறுத்தி, பென்சில் கூரை அதில் முட்டவிடுங்கள். நிலைக்காந்தங்களால் மட்டும் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிலையாக நிறுத்த முடியாது என்பது ஏர்ன்ஷா என்ற இங்கிலாந்து அறிஞர் 1842இல் காட்டியது. ஓர் இடத்திலாவது தொட்டாக வேண்டும். பென்சில் சுவரைவிட்டுப் பின்னால் பாய்ந்தால், பென்சில் காந்தங்கள் கட்டைக் காந்தங்களுக்குப் பின்னால் நிற்கின்றன. இரண்டையும் சுவர்ப் பக்கமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே தள்ளுங்கள். சுவரில் மிக இறுக்கமாக அழுந்திச் சுழலாமல் நின்றால், தள்ளியது அதிகம், அரை மில்லிமீட்டர் பின்னால் வாருங்கள். பக்கவாட்டில் விழுந்தால் ஜோடிக் காந்தங்களின் இடைவெளி குறைவு.